குளத்தில் 2,000 மீட்டர், ஏரியில் 150 மீட்டர்: எங்கே தவறுகிறேன்?

கரைதேடி:
வணக்கம். எனக்கு 41 வயது. நீச்சல் கற்றுக்கொண்டது 37 வயதில். அதற்கு முன்பு இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டி உள்ளே போனதில்லை. இப்போது 25 மீட்டர் நீச்சல் குளத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். ஃப்ரீஸ்டைலில் நிற்காமல் 2,000 மீட்டர் போய்விடுகிறேன். 100 மீட்டருக்கு இரண்டரை நிமிடம் ஆகும். பெரிய வேகம் இல்லைதான், ஆனால் ஏறி வரும்போது களைப்பே தெரியாது.

சிக்கல் எல்லாம் திறந்த தண்ணீரில். இதுவரை நான்கு முறை ஏரியில் இறங்கியிருக்கிறேன். கூடவே ஒருவர் துடுப்புப் படகில் வருவார். நான்கு முறையும் ஒரே கதைதான். 150 மீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு முட்டுகிறது, நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல. மல்லாந்து படுத்துவிடுகிறேன். இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் திரும்பவும் தொடங்கினால் 50 மீட்டருக்குள் மறுபடி அதே முட்டல். அதோடு நேராகவும் போகமாட்டேன் என்கிறேன். படகில் வருபவர் என்னை இரண்டு முறை கூப்பிட்டுத் திசை திருப்பிவிட வேண்டியிருந்தது.

உடல் வலு போதவில்லையா? குளத்தில் இன்னும் தூரம் கூட்டவேண்டுமா? இந்த வருடக் கடைசிக்குள் ஒரு கிலோமீட்டராவது திறந்த தண்ணீரில் அமைதியாக நீந்தவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர்கள் எப்படி இதைக் கடந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கல்லும்_மிதக்கும்:
அப்படியே என் நிலைமை. எனக்கு 46. பதில்களுக்காகக் காத்திருக்கிறேன்.

தொலைதூரன்:
நண்பரே, குளத்தில் 2,000 மீட்டர் என்பது ஒவ்வொரு 25 மீட்டருக்கும் சுவரை உதைத்துக் கிளம்புவது. அந்த உதைப்பில் ஒவ்வொரு முறையும் நான்கைந்து மீட்டர் சும்மா கிடைக்கிறது. திரும்பும் நேரத்தில் கைக்கும் ஓய்வு. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் உங்களுடைய உண்மையான தூரம் 1,600 அளவில்தான் வரும். ஆகவே என் யோசனை, தூரத்தைக் கூட்டுங்கள். வாரம் நான்கு நாள், ஒரு நாளைக்கு 3,000 மீட்டர். தண்ணீர் பழகிவிட்டால் மூச்சும் பழகிவிடும். நான் அப்படித்தான் வந்தேன்.

நீர்க்காகம்:
தொலைதூரன் சொல்வதில் சுவர்க் கணக்கு சரிதான். ஆனால் 2,000 மீட்டரைக் களைப்பில்லாமல் முடிக்கிறவருக்கு 150 மீட்டரில் மூச்சு முட்டினால் அது வலு சம்பந்தப்பட்டது இல்லை. கரைதேடி, நான்கு கேள்வி. தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி? எப்படி இறங்குகிறீர்கள், குதித்தா, நடந்தா? முதல் 50 மீட்டரை என்ன வேகத்தில் போகிறீர்கள்? முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை விடுகிறீர்களா, பிடித்துவைத்திருக்கிறீர்களா?

கரைதேடி:
உடனே பதில் தந்ததற்கு நன்றி. வெப்பநிலை 20 டிகிரி இருக்கும். நான் போகிற குளம் 28. படித்துறையில் நின்று குதிப்பேன், மெதுவாக இறங்கினால் மனம் மாறிவிடும் என்று. முதல் 50 மீட்டர் கொஞ்சம் வேகமாகத்தான் போகிறேன். கால் எட்டாத ஆழத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம் என்ற எண்ணம். மூச்சு... இதுவரை கவனித்ததில்லை. குளத்தில் விடுகிறேன் என்று நினைக்கிறேன். ஏரியில் விடுகிறேனா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

நீர்க்காகம்:
நினைத்தேன். சரி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எனக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை. இரண்டு வருடம் வீணானது.

வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வல்லது. 20 டிகிரிக் காற்று நமக்கு இதம், 20 டிகிரித் தண்ணீர் அப்படி இல்லை. தோல் திடீரென்று குளிர்ந்ததும் உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை இழுக்கும், அப்புறம் படபடவென்று சின்னச் சின்ன மூச்சு வரும், இதயத்துடிப்பு எகிறும். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு கடுமையாக இருக்கும். 20 டிகிரியில் லேசாக, ஆனால் நிச்சயமாக உண்டு. குளிர்நீர் ஆராய்ச்சியாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் மிகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்துவிட்டவர்களுக்காக 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர, அடுத்த 10 நிமிடம் கை கால் ஒழுங்காக இயங்கும், உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப 1 மணி நேரம்வரை ஆகும். நமக்கு அதில் பாடம் அந்த முதல் ஒரு நிமிடம்தான். அந்த நிமிடத்தில் நீந்தவே கூடாது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அந்த நிமிடத்தில்தான் குதிக்கிறீர்கள், அந்த நிமிடத்தில்தான் விரைகிறீர்கள்.

இரண்டாவது, மூச்சு. நீந்தும்போது வருகிற முட்டல் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருகிறது. நுரையீரலில் பழைய காற்று அப்படியே நிற்கும்போது தலையைத் திருப்பி வாயைத் திறந்தால் புதிய காற்றுக்கு இடமே கிடையாது. அந்த அரை நொடிக்குள் வெளியே விடவும் வேண்டும், உள்ளே இழுக்கவும் வேண்டும் என்றால் எப்படி முடியும்? மேலோட்டமாக ஒரு வாய்க்காற்று போகும். பத்துக் கைவீச்சில் நெஞ்சு இறுகும். நீங்கள் கயிறு என்று எழுதினீர்களே, அந்தக் கயிறு நீங்கள் விடாமல் வைத்திருக்கிற காற்று.

இனி என்ன செய்யலாம்? நடந்து இறங்குங்கள். முழங்கால் ஆழத்தில் நின்று முகத்திலும் பிடரியிலும் தண்ணீரை வாரி அடித்துக்கொள்ளுங்கள். மார்பளவு ஆழம் வந்ததும் நின்று, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, "ம்ம்ம்ம்" என்று முனகுங்கள். சத்தம் வந்தால் காற்று வெளியே போகிறது என்று பொருள், மூக்குக்குக் கீழே குமிழி ஓடுவது உதட்டில் தெரியும். தலையைத் தூக்கி மூச்சு வாங்கி மறுபடி. இப்படி இருபது முறை. அப்புறம் மல்லாந்து மிதந்து வானத்தைப் பாருங்கள். மூச்சு வீட்டில் இருப்பதுபோல ஓடும்வரை அங்கேயே இருங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். அதற்குப் பிறகு முதல் 100 மீட்டரை உங்களால் முடிந்த மிக மெதுவான வேகத்தில் போங்கள், அதே "ம்ம்ம்" முனகலோடு. முனகல் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. மூச்சுப் பயிற்சி என்ற பெயரில் ஆழ ஆழமாக வேக மூச்சு இழுத்துவிட்டுத் தண்ணீருக்குள் மூச்சடக்கிப் போகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வேக மூச்சு கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிடுகிறது, "மூச்சு வாங்கு" என்ற எச்சரிக்கை வராமலே மயக்கம் வந்துவிடும். நல்ல நீச்சல்காரர்களே அப்படி இறந்திருக்கிறார்கள்.

கரைதேடி:
நீர்க்காகம், இதை மூன்று முறை படித்தேன். குதிப்பதுதான் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரும் ஞாயிறு நடந்து இறங்குகிறேன்.

வெண்நுரை:
வணக்கம். நான் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித்தருகிறேன். நானே 34 வயதில்தான் கற்றேன், அதனால் கரைதேடி எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்த வரி. மூச்சைப் பற்றி நீர்க்காகம் எழுதியதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் தலையைப் பற்றி எழுதுகிறேன். நேராகப் போகாததும் சீக்கிரம் களைப்பதும் பாதி தலையால் வருவது.

தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல 800 மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு வலுவைக் கூட்டுவதைவிட எதிர்ப்பைக் குறைப்பதில்தான் லாபம் அதிகம். தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் கால் தொங்கும், அப்புறம் நீங்கள் ஒரு பலகையை நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். குளத்தில் அடியில் கோடு இருக்கிறது, கண் தானாகக் கீழே போகும். ஏரியில் கோடு கிடையாது, கீழே பச்சை இருட்டு. பயத்தில் எல்லோரும் முன்னால் பார்க்கத் தொடங்குகிறார்கள். அங்கேயே எல்லாம் கெடுகிறது.

திசை பார்ப்பதை இப்படிப் பழகுங்கள். முதலை தண்ணீருக்கு மேலே கண்ணை மட்டும் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு உயரம் போதும். மூக்கும் வாயும் மேலே வரத் தேவையில்லை. முன்னால் நீட்டிய கை தண்ணீரைப் பிடிக்கத் தொடங்கும் அந்த நொடியில் கண்ணை மட்டும் எட்டவைத்துப் பாருங்கள். பார்த்த உடனே தலையைப் பக்கவாட்டில் திருப்பி வழக்கம்போல மூச்சு வாங்குங்கள். பார்ப்பது வேறு, மூச்சு வாங்குவது வேறு. முன்பக்கமாகவே மூச்சும் வாங்கப் பார்த்தால் தலை முழுதாக எழும்பும், பிடரி வலிக்கும், கால் முங்கும். அமைதியான தண்ணீரில் எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒரு முறை போதும். அலை இருந்தால் அலை உங்களைத் தூக்கும்போது பாருங்கள், பள்ளத்தில் பார்த்தால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும். ஒரு முறை இலக்கு தெரியவில்லை என்றால் நின்று தேடாதீர்கள், அடுத்த முறை தெரியும். சின்ன மிதவையை இலக்காக வைக்காமல் அதற்குப் பின்னால் கரையில் இருக்கும் உயரமான ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனி மரம், கோபுரம், இரண்டு குன்றுக்கு நடுவே உள்ள இடைவெளி, எது ஆனாலும் சரி.

இது கற்றுக்குட்டிகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவேண்டாம். 10 கிலோமீட்டர் திறந்தநீர் நீச்சல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2008இல், பெய்ஜிங்கில். ஆண்கள் போட்டியில் நெடுநேரம் முன்னால் இருந்த பிரிட்டனின் டேவிட் டேவிஸ் கடைசியில் நேர்கோட்டை விட்டு விலகிப் போனார். பின்னாலேயே பொறுமையாக வந்துகொண்டிருந்த நெதர்லாந்தின் மார்ட்டன் வான் டெர் வெய்டன் முந்திவிட்டார். ஒரு மணி 51 நிமிடம் நீந்திய பிறகு இருவருக்கும் இடையே இருந்தது ஒன்றரை விநாடி. வென்றவர் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. குளத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கைவீச்சு போய்த் திறந்து பாருங்கள். வலப்பக்கம் தடம் பிரிக்கும் கயிற்றை உரசினால் வலப்பக்கம் இழுக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் ஒரு கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழுவது. அல்லது எப்போதும் ஒரே பக்கம் மூச்சு வாங்குவது. இரண்டு பக்கமும் மூச்சு வாங்கப் பழகினால் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. அலை வலப்பக்கத்திலிருந்து அடித்தால் இடப்பக்கம் திரும்பி வாங்கிக்கொள்ளலாம், வாய்க்குள் தண்ணீர் போகாது.

தொலைதூரன்:
வெண்நுரை அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நுணுக்கம் நுணுக்கம் என்று ஆறு மாதம் ஒரு கையை நீட்டிக்கொண்டே குளத்தில் மிதப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். திறந்த தண்ணீர் நீளமான வேலை. ஒரு மணி நேரம் கை போடத் தோளுக்குப் பழக்கம் வேண்டாமா?

வெண்நுரை:
வேண்டும், சந்தேகமே இல்லை. நான் எதிர்ப்பது உடனே 12,000 மீட்டருக்குத் தாவுவதை மட்டும்தான். அவர் இப்போது வாரம் 6,000 நீந்துகிறார். அதை இரண்டு மடங்காக்கினால் தோள்தான் முதலில் முறையிடும். நாற்பது வயதுத் தசைநாண் இருபது வயதுபோலத் தேறாது. பெருவிரல் முதலில் தண்ணீரில் விழுகிற கை, நடுக்கோட்டைத் தாண்டுகிற கை, இந்த இரண்டோடும் தூரத்தைக் கூட்டினால் ஒவ்வொரு வீச்சும் தோள்மூட்டுத் தசையை உரசுகிறது. நான் அதில் சிக்கி ஐந்து மாதம் தண்ணீருக்கே போகமுடியாமல் இருந்திருக்கிறேன்.

ஆகவே முதலில் நாளைக் கூட்டுங்கள், தூரத்தை அல்ல. ஒரே நாளில் 3,000 போவதைவிட 1,500 வீதம் நான்கு நாள் மேல். பெரியவர்களுக்குத் தண்ணீரின் உணர்வு மூன்று நாள் விட்டாலே மங்கிவிடும். நான் சொல்லித்தந்தவர்களில் நன்றாக முன்னேறியவர்கள் எல்லோரும் அடிக்கடி வந்தவர்கள்தான், அதிக நேரம் இருந்தவர்கள் அல்ல.

தொலைதூரன்:
அடிக்கடி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த நான்கு நாளில் ஒரு நாளாவது வேகத்துக்கு ஒதுக்குங்கள். எப்போதும் ஒரே வேகத்தில் 2,000 போனால் அந்த வேகம் மட்டுமே வளரும். ஒரு நாள் நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டர் முழு முயற்சியில் போய் நேரத்தைக் குறியுங்கள். நல்ல ஓய்வுக்குப் பிறகு 200 மீட்டர். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். உதாரணமாக 400க்கு 8 நிமிடம் 36 விநாடி, 200க்கு 4 நிமிடம் 6 விநாடி என்றால் வித்தியாசம் 4 நிமிடம் 30 விநாடி. அதில் பாதி, 2 நிமிடம் 15 விநாடி. நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உங்கள் வேகத்தின் எல்லை 100 மீட்டருக்கு அதுதான். அந்த வேகத்தில் 100 மீட்டர், 20 விநாடி ஓய்வு, மறுபடி 100 என்று எட்டு முறை தொடங்கிப் பத்து முறைக்குக் கொண்டுவாருங்கள். முதல் நூறும் கடைசி நூறும் ஒரே நேரத்தில் வரவேண்டும். முதல் நூறு வேகமாக வந்தால் அந்தப் பயிற்சி தோல்வி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்து பாருங்கள்.

கல்லும்_மிதக்கும்:
ஒரு சந்தேகம். எனக்கு ஃப்ரீஸ்டைல் சரியாக வராது, தவளை நீச்சல்தான். திறந்த தண்ணீருக்கு அது போதுமா? கூட வருகிறவர்கள் அதை நீச்சலாகவே மதிப்பதில்லை.

நீர்க்காகம்:
கேப்டன் மேத்யூ வெப் 1875 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைத் துணைக் கருவி எதுவும் இல்லாமல் நீந்திக் கடந்தார். அப்படிக் கடந்த முதல் மனிதர் அவர். 21 மணி 45 நிமிடம், தவளை நீச்சலில். அதற்குப் பிறகும் உங்களை யாராவது மதிக்கவில்லை என்றால் விடுங்கள். வேகம் என்று பார்த்தால் ஃப்ரீஸ்டைல்தான். 1926இல் கெர்ட்ரூட் எடர்லே அதே கால்வாயை ஃப்ரீஸ்டைலில் பதினான்கரை மணி நேரத்தில் கடந்து, அதுவரை ஆண்கள் வைத்திருந்த நேரத்தையே இரண்டு மணி நேரம் போலக் குறைத்தார். ஆனால் தவளை நீச்சலில் முன்னால் பார்த்துக்கொண்டே போகலாம், மூச்சும் இலகு. ஃப்ரீஸ்டைலில் போகிறவர்களும் நடுவில் படபடப்பு வந்தால் பத்து வீச்சு தவளைக்கு மாறிவிட்டு மறுபடி வரலாம். கரைதேடி, இது உங்களுக்கும் சேர்த்து. வயதையும் யாரும் பேசவேண்டாம். 2014இல் ஓட்டோ தானிங் என்ற தென்னாப்பிரிக்க இதய அறுவை மருத்துவர் 73 வயதில் அந்தக் கால்வாயைக் கடந்தார்.

அலைக்காவல்:
பல வருடம் கடற்கரையில் உயிர்காப்பு வேலை பார்த்தவன் நான். எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் நான் எழுதுவதைப் படிக்காமல் யாரும் கடலில் இறங்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தனியாகப் போகாதீர்கள். கரைதேடி படகோடு போகிறார் என்பதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போகிற ஆரஞ்சு நிற மிதவையை வாங்கிக்கொள்ளுங்கள். அது உயிர்காப்புக் கவசம் இல்லை. படகுக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிவதற்கும், களைத்தால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதற்கும்தான். தண்ணீரில் இருந்து பார்த்தால் மனிதத் தலை என்பது ஒரு தேங்காய் அளவு. 50 மீட்டரில் அலைக்குள் காணாமல் போகும்.

காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் நாளில் ஏமாந்துவிடாதீர்கள். கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோலத் தெரியும். உள்ளே போவதும் சுலபமாக இருக்கும், காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போதுதான் தெரியும். அதனால் எப்போதும் போகும்போது எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது காற்றோடு வருமாறு திட்டம் வையுங்கள். களைத்த பாதி சுலபமான பாதியாக இருக்கவேண்டும்.

அலை உடைகிற கரையில், நடுவில் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற சந்து இருந்தால் அது இறங்குமிடம் இல்லை. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. கடும் இழுப்பு நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரர் 50 மீட்டரைப் பாய்ந்து கடக்கும் வேகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அதை எதிர்த்து நீந்தி யாரும் ஜெயித்ததை நான் பார்த்ததில்லை. மாட்டிக்கொண்டால் மிதந்து மூச்சைக் காப்பாற்றுங்கள், கையைத் தூக்கி உதவி கேளுங்கள், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வந்த பிறகு கரையை நோக்கித் திரும்புங்கள்.

கடைசியாக ஒன்று. கரைதேடி, மூச்சை ஒழுங்காக வெளியே விட்டு, மெதுவாகத் தொடங்கிய பிறகும் உங்களுக்கு முட்டல் வந்தால், அதோடு இருமலும் நெஞ்சில் களகளவென்ற சத்தமும் இளஞ்சிவப்பு நுரைச் சளியும் வந்தால், அது பயம் இல்லை. நீந்தும்போது நுரையீரலில் நீர் கோக்கும் ஒரு நிலை இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர், மிக இறுக்கமான வெட்ஸூட் (குளிருக்குப் போடுகிற ரப்பர் நீச்சல் உடை), ரத்த அழுத்தம் எல்லாம் அதைத் தூண்டலாம். உடனே தண்ணீரை விட்டு ஏறி மருத்துவமனைக்குப் போகவேண்டும், "கொஞ்சம் இளைப்பாறிவிட்டுப் பார்க்கலாம்" என்று இருக்கக்கூடாது. நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரு முறை இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

கல்லும்_மிதக்கும்:
வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் கவலை இல்லைதானே?

அலைக்காவல்:
இல்லை, அதிலும் உண்டு. 2010இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் வெப்பமான தண்ணீரில் நீந்தி இறந்துபோனார். 26 வயது, உலகத் தரத்து வீரர். மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் அவரைக் காணவில்லை என்றே தெரிந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது உடம்பு தன் சூட்டை எங்கே கொண்டுபோய் விடும்? இன்றைய சர்வதேச விதிப்படி போட்டி நடத்தத் தண்ணீர் 16 டிகிரிக்குக் குறையாமலும் 31 டிகிரிக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். அது பயிற்சி பெற்ற வீரர்களுக்கான எல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள், ஒரு கண் இருந்திருக்கவேண்டும்.

கரைதேடி:
எட்டு வாரம் ஆகிவிட்டது. எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், எழுதுவதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

முதல் ஞாயிறு நடந்து இறங்கினேன். மார்பளவில் நின்று முனகினேன். நான்காவது முறையிலேயே ஒன்று புரிந்தது. என் முனகல் ஒரு நொடியில் நின்றுவிடுகிறது, அப்புறம் தொண்டை தானாகப் பூட்டிக்கொள்கிறது. குளத்தில் அப்படி இல்லை. ஆழம் தெரியாத தண்ணீரில் முகம் போனதும் பூட்டு விழுகிறது. அன்றைக்கு நீந்தவே இல்லை. அரை மணி நேரம் நின்றும் மிதந்தும் முனகிவிட்டு ஏறி வந்தேன். படகோட்டும் நண்பர் ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கத்தில் காத்திருந்தார்.

இரண்டாவது ஞாயிறு 100 மீட்டர், கரைக்கு இணையாக, கால் எட்டுகிற ஆழத்திலேயே. மூன்றாவது ஞாயிறு 300. அலைக்காவல் சொன்னபடி இதயத்தையும் பார்த்துக்கொண்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது. கண்ணை மூடி நீந்திப் பார்த்ததில் இடப்பக்கம் போகிறேன். வலது கை நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் விழுகிறது. வெண்நுரை அக்கா, கையை ரயில் தண்டவாளம்போலத் தோளுக்கு நேராகப் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போடுகிறேன். மிக அகலமாகப் போடுவதுபோலத் தோன்றுகிறது, ஆனால் ஒளிப்படத்தில் பார்த்தால் இப்போதுதான் நேராக இருக்கிறது.

போன ஞாயிறு 900 மீட்டர் நீந்தினேன். நடுவில் ஒரு முறைதான் மல்லாந்தேன், அதுவும் முட்டலால் இல்லை, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததால். முன்பு எதைப் பற்றியும் யோசிக்கவே முடியாது. இந்த முறை தண்ணீருக்குள் வெயில் சாய்வாக இறங்கி ஒரு புள்ளியில் கூடுவதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. திசை பார்த்த அடுத்த வீச்சில் கால் முங்குவது தெரிகிறது.

வெண்நுரை:
தம்பி, படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. முதல் நாள் நீந்தாமல் ஏறி வந்தீர்களே, அதற்குத்தான் என் பாராட்டு. கால் முங்குவதற்கு: பார்க்கும் நொடியில் நெஞ்சைக் கொஞ்சம் கீழே அழுத்துங்கள், ஒரு உதை மட்டும் அழுத்தமாகக் கொடுங்கள். மற்ற நேரத்தில் உதை மெல்லியதாகவே இருக்கட்டும், ஒரு கைக்கு ஒரு உதை. அப்புறம் பார்த்த உடனே முகத்தை முழுதாகக் கீழே கொண்டுவருகிறீர்களா என்று கவனியுங்கள். நிறையப் பேர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். குளத்தில் ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு முறை பார்த்துப் பழகுங்கள், சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன என்று படிக்க முடிகிறதா பாருங்கள்.

தொலைதூரன்:
900 மீட்டர், சுவர் இல்லாமல். மனமார்ந்த வாழ்த்து. 400, 200 அளந்தீர்களா?

கரைதேடி:
அளந்தேன். முதலில் 2 நிமிடம் 17 விநாடி வந்தது, ஆறு வாரம் கழித்து 2 நிமிடம் 11. இன்று காலை குளத்தில் கடிகாரத்தைப் படித்துப் பார்த்தேன் அக்கா. முதல் ஆறு நீளம் வெறும் வெள்ளை வட்டம்தான் தெரிந்தது. ஏழாவதில் பெரிய முள் தெரிந்தது. ஏழு மணி இருபது.